மலை வேன்ல வராது

எங்க ஊர்ல ஒரு ஆளு காணாம போயிட்டா யாரும் பதற மாட்டாங்க. திருவண்ணாமலையில பொறந்து வளந்தவங்களுக்கு அது பழகிப் போன சமாச்சாரம். எப்பப் பாத்தாலும் யாராவது ஒரு குடும்பம் கையில போட்டோவை வச்சுக்கினு தேரடியில நிக்கும். "என் வீட்டுக்காரருங்க, பேங்க்ல வேலை, சொல்லாம கெளம்பிட்டாரு", "என் புள்ளைங்க, காலேஜ் படிச்சவன்"னு கடை கடையா காட்டுவாங்க. நாங்களும் கையைத் தொடச்சிக்கினு போட்டோவை வாங்கிப் பாப்போம். "மலை இழுத்துக்குச்சும்மா, நல்லா இருப்பாரு, போங்க"ன்னு மோரைக் குடுத்து அனுப்பிடுவோம். நானே எத்தனையோ பேருக்கு அப்படி சொல்லியிருக்கேன். பாதி நேரம் அது நெசமாவும் இருக்கும். ஏதாவது குகை வாசல்ல அந்த பேங்க்காரர் காவி கட்டிக்கினு உக்காந்திருப்பாரு.

ஆனா ஒரு ஆளு விஷயத்துல மட்டும் அந்தப் பேச்சை நான் ஒத்துக்கல. இன்னி வரைக்கும் ஒத்துக்கல. அதனால சண்டைக்காரின்னு பேரு வாங்கினேன், வாங்கினா வாங்கிட்டுப் போறேன். மலை மனுஷனை இழுக்கும்னு நீங்க சொன்னா கேட்டுக்கறேன். மலை வேன் எடுத்துக்கினு வராது.

எனக்குத் தொண்டை பெருசு. செங்கம் ரோட்டுப் பக்கம் நாங்க மாவு மெஷின் வச்சிருந்தோம், அதான் காரணம். மெஷின் ஓடறப்ப "அரிசியா கோதுமையா"ன்னு கேக்கறதுக்கே அடிவயித்துல இருந்து கத்தணும். வீட்டுக்குள்ள வந்தாலும் அதே குரல்தான் வரும். என் வீட்டுக்காரர், "பக்கத்துலதான்மா இருக்கேன், மெதுவா பேசு"ம்பாரு. அவரு சாது. கடை அவர் பேர்ல இருந்துச்சு, சண்டையெல்லாம் என் பேர்ல இருந்துச்சு.

எண்பதுகள்ல பாதி இருக்கும். அப்ப நாங்க வடாற்காடு ஜில்லா, பெரிய ஆபீஸ் எதுக்குப் போவணும்னாலும் வேலூருக்கு பஸ் ஏறணும். ரேடியோவைத் திருப்பினா சிலோன் சேதிதான். அங்க வீடு எரிஞ்சு, ஆளுங்க செத்து, போட்ல தப்பிச்சு வந்தவங்க நம்ம பக்கமெல்லாம் முகாம்ல இருந்தாங்க. எங்க ஊருக்கு அவங்க ஜாஸ்தி வரல. வந்த ஒருத்தர் எங்க கடைக்குத்தான் வந்தாரு.

மெஷின் கடைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காலையில பச்சரிசி ஓடும், அப்புறம் கேழ்வரகு, கோதுமை. மிளகா, மல்லி எல்லாம் மத்தியானத்துக்கு மேலதான். மிளகா ஓடின கல்லுல அரிசியைப் போட்டா மாவு காரமாயிடும், மறுநாள் எவளாவது கொழுக்கட்டையைத் தூக்கிக்கினு வந்து என் மூஞ்சியில அடிப்பா. ஊர்ல சின்னப் புள்ளைக்குக் கூட இது தெரியும். மிளகா ஓடிக்கினு இருந்த ஒரு நாள், தாடி வச்ச ஒரு ஆளு பச்சரிசிப் பையோட வந்து நின்னாரு. கண்ணுல தண்ணி ஊத்துது, தும்மல் மேல தும்மல். நகரவே இல்லை.

"அக்கா, இதை மாவாக்கித் தர ஏலுமோ?"

"நாளைக்குக் காலையில வாங்க. இப்பப் போட்டா காரமாயிடும்."

"பரவாயில்லை அக்கா. புட்டுக்குத்தான். நாங்கள் காரம் தின்னிற ஆக்கள்."

அந்தப் பேச்சைக் கேட்டதும் எந்த ஊருன்னு புரிஞ்சுபோச்சு. மெஷினை நிறுத்தி, கல்லைத் தொடச்சு, எங்க வீட்டு அரிசியை ஒரு பிடி போட்டுக் காரத்தை எடுத்துட்டு அரைச்சுக் குடுத்தேன். "யாருக்கும் இப்படி செய்யமாட்டா, உங்க முகராசி"ன்னு எங்க வீட்டுக்காரர் அவர்கிட்ட சொன்னாரு. அந்த வாரமே கடைக்குப் பின்னாடி, தவுட்டு மூட்டை போட்டு வச்சிருந்த ரூமை ஒழிச்சுக் குடுத்தோம். அவரு குடி வந்துட்டாரு.

வேற எவனும் அந்த ரூம்ல இருக்க மாட்டான். செவுத்துக்கு இந்தப் பக்கம் மெஷின் ஓடினா அந்தப் பக்கம் தம்ளர் ஆடும். அவருக்கு அதான் புடிச்சுது. பகல்ல மெஷின் ஓடறப்ப அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாரு. கரண்ட் போயி மெஷின் நின்னுச்சுன்னா உடனே எழுந்து கதவைத் தொறந்து வெளியே பாப்பாரு. "சத்தம் இருந்தா நித்திரை வரும் அக்கா, சத்தம் நிண்டா முழிப்பு வந்திடும்"னாரு. எனக்கு அது வேடிக்கையா இருந்துச்சு. வேடிக்கை இல்லைன்னு பின்னாடி புரிஞ்சுது.

அங்க ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியாரா இருந்தவராம். இயக்கத்துல சேந்திருக்காரு. அங்க ராணுவத்தோட சண்டை போடறதுன்னு போனவரு, சொந்த ஆளுங்களே சொந்த ஆளுங்களை சுடறதைப் பாத்துட்டு ஏன்னு கேட்டிருக்காரு. வாயால கேட்டது போதாதுன்னு எழுதியும் கேட்டிருக்காரு. அப்புறம் இருக்க முடியுமா? இந்தப் பக்கம் ஓடி வந்தாலும் எழுதறதை நிறுத்தல. டைப் இன்ஸ்டிட்யூட்ல போயி ரெண்டு பக்கம் அடிச்சு, காப்பி போட்டு, யார் யாருக்கோ தபால்ல அனுப்புவாரு. "உங்களுக்கு எதுக்குங்க வம்பு, கம்முனு இருங்களேன்"னு நான் ஒரு தடவை சொன்னேன்.

"அங்க ஆமிக்காரன் வாயை மூடச் சொன்னான். இங்க எங்கட ஆக்கள் மூடச் சொல்லினம். நீங்களும் சொன்னா நான் எங்க அக்கா போறது?"ன்னு சிரிச்சாரு. அதுக்கப்புறம் நான் சொல்லல. எனக்கே வாயை மூடத் தெரியாது, அவருக்கு எங்க போயி சொல்றது.

எங்க ஊரை ஏன் புடிச்சாருன்னு கேட்டேன். "உங்கட ஊரில தாடி வச்சவனை எந்த ஊர் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை அக்கா"ன்னாரு. அது வாஸ்தவம். வெள்ளைக்காரன், வடக்கத்தியான், ஊமைச்சாமி, பைத்தியம், எல்லாத்தையும் நாங்க ஒரே மாதிரி பாத்துட்டு எங்க வேலையைப் பாப்போம். ஒளியறதுக்கு அதை விட நல்ல ஊர் கெடைக்காது.

ஆனா சாமி பூதம்னா அவருக்கு ஆவாது. தெனம் காலையில மலையைச் சுத்தி நடப்பாரு, செருப்பு போட்டுக்கினு. கிரிவலப் பாதையில செருப்பா? அப்ப இந்த ரோடு, லைட்டு, கூட்டம் ஒண்ணும் கெடையாது, மண் பாதை. எதிர்ல வர பெரியவங்கள்லாம் "செருப்பைக் கழட்டுப்பா"ன்னு அதட்டுவாங்க. "நான் கும்பிட வரேல்லை ஐயா, நடக்க வந்தனான்"னு பணிவா சொல்லிட்டு செருப்போட போயிடுவாரு. அடி அண்ணாமலைகிட்ட ஒரு டீக்கடையில உக்காந்து டீ குடிச்சுட்டு மிச்ச தூரம் நடந்து வருவாரு. அந்தச் செருப்பை நீங்க ஞாபகம் வச்சுக்கோங்க.

சம்சாரம் தெற்க ஒரு முகாம்ல இருந்தா. தன்னைத் தேடறவங்க அவளைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இவரு தனியா இருந்தாரு. ஒடிசலா, கண்ணு மட்டும் பெருசா இருப்பா. முடிஞ்சப்ப பஸ் ஏறி வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போவா. அவ வந்தா மனுஷன் எங்ககிட்ட கூடப் பேசமாட்டாரு, அவ பின்னாடியே திரிவாரு. மாவை வறுக்கறதும், புட்டு அவிக்கறதும், தேங்காய் திருவறதும், ரெண்டு பேரும் ஒண்ணா குந்திக்கினு செய்வாங்க. எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்து, "பாத்தியா"ம்பாரு. "நீங்க முதல்ல தேங்காயைத் திருவுங்க, அப்புறம் பேசுங்க"ம்பேன்.

அவ ஊருக்குப் போன ஒரு சாயங்காலம் அவரு கடையில வந்து உக்காந்தாரு. மெட்ராஸ்ல இவரு கூட இருந்த மூணு பேரு அடுத்தடுத்து இல்லாம போயிட்டாங்களாம். ஒருத்தன் கனடா போயிட்டான்னாங்களாம், ஒருத்தன் பொம்பளை விஷயத்துல ஓடிட்டான்னாங்களாம், இன்னொருத்தன் ஊருக்கே திரும்பிட்டான்னாங்களாம். "மூண்டு பேரும் ஒரு இடமும் போகேல்லை அக்கா. கொண்டு போனவங்கள்தான் அந்தக் கதையையும் கட்டி விட்டது. ஒரு நாள் நான் திரும்பி வரேல்லை எண்டா, போயிட்டார் எண்டு சொல்ல விடாதேங்கோ. கொண்டு போயிட்டாங்கள் எண்டு சொல்லுங்கோ. சத்தமாச் சொல்லுங்கோ, உங்களுக்குத்தான் நல்ல தொண்டை இருக்கே"ன்னாரு. கிண்டலாத்தான் சொன்னாரு. நான் சரின்னேன்.

அடுத்த ஆடி மாசம் அது நடந்துச்சு. ஆடின்னா எங்களுக்குக் குந்த நேரம் இருக்காது. தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்க, கேழ்வரகு மூட்டை மூட்டையா வரும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில அவரு நடக்கப் போனாரு. மத்தியானம் வரல. மெஷின் நின்னப்பதான் ரூம்ல சத்தமே இல்லைன்னு கவனிச்சேன். கதவு பூட்டியிருந்துச்சு. சாயங்காலம் வரல, மறுநாள் வரல. அவரு சொல்லாம கூட்டு ரோடு வரைக்கும் போகாத மனுஷன்.

ஸ்டேஷனுக்குப் போனேன். எங்க வீட்டுக்காரர் வாசல்லயே நின்னுட்டாரு. ஏட்டையா பேனாவைத் தொறக்கவே இல்லை.

"தாடி வச்சிருந்தாரா?"

"வச்சிருந்தாரு."

"தெனம் மலையைச் சுத்தினாரா?"

"சுத்தினாரு. ஆனா..."

"அப்புறம் என்னம்மா? சாமியாராப் போயிருப்பாரு. சம்சாரத்தை விட்டுத் தனியா இருந்தாருன்னு வேற சொல்றே. அது ஏற்கனவே பாதி சந்நியாசம்தான். வீட்டுக்குப் போ."

செருப்பு போட்டு சுத்தினவரு எப்படி சார் சாமியார் ஆவாருன்னு கேட்டேன். ஸ்டேஷனே சிரிச்சுது. நான் சிரிக்கல.

அதுக்கப்புறம் ஊரு ஆரம்பிச்சுது பாருங்க. காய்க்கடையில ஒருத்தி, காவியில அவரைக் குகைகிட்ட பாத்தேன்னா. லாட்ஜ்ல வேலை செய்யறவன், மொட்டை அடிச்சுக்கினாரு, கண்ணுல ஒரு தேஜஸ்னான். மாவு வாங்க வந்த அம்மா ஒருத்தங்க, "நீ புண்ணியம் பண்ணவ, உன் வீட்டுல இருந்துதானே போயிருக்காரு"ன்னு என் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாங்க. எனக்கு அழுகையும் வந்துச்சு, அறையலாம்னும் வந்துச்சு. இவங்க யாரும் பொய் சொல்லணும்னு சொல்லல, அதுதான் கொடுமை. அவரு கூட்டாளிங்களுக்கு எவனோ உக்காந்து கதை கட்டினான். இவருக்கு எவனும் கட்டவே வேண்டியிருக்கல. எங்க ஊரே பக்தியோட கட்டிக் குடுத்துச்சு.

சம்சாரத்துக்குத் தந்தி அடிச்சோம். வந்தா. அவ காதுக்கும் அதுக்குள்ள கதை போயிருந்துச்சு. பஸ்ல இருந்து எறங்கினதும் என்கிட்ட கேட்டது, "அக்கா, என்னோட அவருக்கு ஏதும் கோவமோ?" அவளை மெஷின்கிட்ட உக்கார வச்சு சோறு போட்டேன். சாப்பிடல.

மூணு நாலு நாள் அவ கூட மலையைச் சுத்தினேன். கடையை வீட்டுக்காரர் பாத்துக்கினாரு. சாமியாருங்களுக்கு சோறு போடற வரிசையில ஒவ்வொரு தாடியாப் பாத்துக்கினே வருவா. சில பேரு குனிஞ்சிருந்தா, குந்தி மொகத்தைப் பாப்பா. ஒருத்தர் உயரம் அவர் மாதிரியே இருந்துச்சு, ஓடிப்போய் தோளைத் தொட்டா. அவரு திரும்பினாரு, வேற ஆளு. அந்தப் பெரியவர் ரொம்ப சாந்தமா, "தேடாதம்மா. உதறிட்டுப் போனவனை சம்சாரத்துக்குள்ள இழுக்கறது பாவம்"னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "சாமி, நீங்க உதறிட்டு வந்தீங்க, சரி. உங்க வீட்டுல உங்க பொண்டாட்டி எந்த வரிசையில நின்னு தேடறாளோ, அதை யோசிச்சுக்கினே சாப்பிடுங்க"ன்னேன். வரிசையே எங்களைத் திரும்பிப் பாத்துச்சு. அவதான் என் கையைப் புடிச்சு இழுத்துக்கினு வந்தா.

அன்னிக்கு திரும்பி வரப்ப வழியில உக்காந்துட்டா. "அக்கா, சாமியாராப் போனவர் எண்டா, அவர் என்னை விட்டிட்டுப் போனவர். ஆனா உயிரோட இருக்கிறார். கொண்டு போனவங்கள் எண்டா, அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை. ஆனா..." மலைப் பக்கம் திரும்பிக்கினா. "நான் எதைக் கேட்டுக் கும்பிடுறது?"ன்னா. என் வயசுக்கு அப்படி ஒரு கேள்வியை யாரும் என்கிட்ட கேட்டதில்லை.

மறுநாள் கடையில கூட்டம். அவ வாசல் பெஞ்சில உக்காந்திருந்தா. அடி அண்ணாமலை டீக்கடைக்காரர் அரிசி டின்னோட வந்தாரு. டீயோட போண்டா போடறவரு, அடிக்கடி வருவாரு, நல்ல மனுஷன். டின்னை வாங்கி மெஷின்ல கொட்டினேன். "இவங்க யாரு?"ன்னு கேட்டாரு. "சிலோன்காரர் சம்சாரம்"னேன். மாவு எறங்கறதுக்குள்ள திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். டின்னு இங்கயே இருக்கு.

பத்து வருஷத்துக்கு மேல மெஷின் ஓட்டியிருந்தேன். மாவை விட்டுட்டுப் போனவங்களை நான் பாத்ததே இல்லை. தன் மாவு அடுத்தவன் மாவோட கலந்துடும்னு டின்னு வாயிலயே கண்ணு வச்சிக்கினு நிப்பாங்க எல்லாரும். இந்த மனுஷன் சூடா எறங்கற மாவை அப்படியே விட்டுட்டு ஓடினாருன்னா சும்மா ஓடல. அவளை உக்கார வச்சுட்டு, டின்னைத் தூக்கி குதிரை வண்டியில வச்சுக்கினு நானே போனேன்.

என்னைப் பாத்ததும் அவரு பாய்லரைத் தொடைக்க ஆரம்பிச்சாரு. ஏற்கனவே தொடைச்ச பாய்லர். டின்னை மேடையில வச்சேன்.

"மாவை விட்டுட்டு வந்துட்டீங்க."

"ஞாபகம் இல்லீங்க."

"என்ன பாத்தீங்க, சொல்லுங்க."

தொடைக்கற துணியைக் கீழ போட்டாரு. அப்புறம் பெஞ்சில உக்காந்து எல்லாத்தையும் சொன்னாரு. அந்த வெள்ளிக்கிழமை பக்கத்துல அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்க. பம்பை அடிக்குது, ரெண்டு மூணு பேருக்கு சாமி வந்து ஆடறாங்க. சிலோன்காரர் டீ குடிச்சுட்டு எழுந்து பாதையில நடக்கறாரு. ஒரு வேன் வந்து நிக்குது, நாலு ஆம்பளைங்க எறங்கறாங்க. அவரைப் புடிக்கறாங்க. அவரு திமிர்றாரு, கீழ விழுந்து பொரள்றாரு, தலையை ஆட்டிக்கினு கத்தறாரு. கோயில் கூட்டம் திரும்பிப் பாக்குது. ஆடி வெள்ளி, பம்பை சத்தம், தாடி வச்ச ஆளு மண்ணுல பொரள்றான். ஊரு என்ன நெனைக்கும்? சாமி வந்துடுச்சுன்னு நெனச்சுது, இல்லைன்னா பேய் புடிச்ச ஆளை வீட்டுக்காரங்க எங்கயோ மந்திரிக்க இட்டுக்குனு போறாங்கன்னு நெனச்சுது. கும்பிட்டு வழி விட்டாங்களாம். ஒரு அம்மா ஓடியாந்து அவரு நெத்தியில திருநீறு பூசினாங்களாம். பூசாரி மஞ்சத்தண்ணியை வேப்பிலையால தொட்டு மூஞ்சியில தெளிச்சாராம்.

"நீங்க?"ன்னேன்.

"அந்த நாலு பேரும் அவரு பேசற மாதிரியே பேசினாங்கம்மா. அதே பேச்சு. அண்ணன் தம்பிங்கன்னு நெனச்சேன். 'தம்பிக்கு சுகமில்லை அண்ணை, கதவை ஒருக்கா பிடியுங்கோ'ன்னாங்க. நான்தான் வேன் கதவைப் புடிச்சேன்."

சொல்லிட்டு தலையைக் குனிஞ்சுக்கினாரு. அந்த ஆளு மேல எனக்குக் கோவம் வரல. நானா இருந்தாலும் புடிச்சிருப்பேன். நம்ம ஊர்ல யாராவது ஒருத்தர், சுகமில்லைன்னு நாலு பேரு சொல்றப்ப, கதவைப் புடிக்காம இருப்பாங்களா?

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு கடைக் கதவை சாத்திட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாத"ன்னாரு. "உயிரோட இருக்காருன்னு நெனச்சுக்கினாவது இருக்கட்டும். நீ சொல்லி என்ன ஆவப் போவுது? அவங்க நம்மளையும் தேடி வந்தா?" அவரு பயந்தாருன்னு மட்டும் சொல்ல மாட்டேன், அவ மேல இருந்த பாசத்துலயும்தான் சொன்னாரு. ஆனா எனக்கு ஒரே எரிச்சல். ஊரே கூடி அவளுக்கு ஒரு பொய்யைப் போத்தி விட்டிருக்கு, நான் அதோட முனையை இழுத்து சொருகணுமா? சத்தமா சொல்லுங்கோன்னு அவரு என்கிட்ட கேட்டிருக்காரு. மெதுவாக் கூட சொல்லலைன்னா நான் என்ன பொம்பளை?

நான் சொல்லல. அவளை இட்டுக்குனு போயி டீக்கடைக்காரரையே சொல்ல வச்சேன். கண்ணால பாத்தவர் வாயில இருந்து வந்தாத்தான் சரி. அவரு என்கிட்ட சொன்ன மாதிரியே எல்லாத்தையும் சொன்னாரு, கதவைப் புடிச்சதையும் விடல. அவ அழல. கடைசியா ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அவர் கத்தினவர் எண்டு சொன்னீங்கள். என்ன சொல்லிக் கத்தினவர்?"

"வரமாட்டன், வரமாட்டன்னாரும்மா. வேற ஒண்ணும் சொல்லல. நான் கதவை சாத்தற வரைக்கும் அதேதான். அதனாலதான்மா நாங்க... பேய் புடிச்சவங்க கோயிலுக்கு வரமாட்டேன்னு கத்துவாங்க இல்ல? அப்படின்னு..."

அவ அந்த மேடையைப் புடிச்சுக்கினா. அப்புறம் என்னைப் பாத்து, "அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை அக்கா"ன்னா. அப்பதான் அழுதா. அந்த அழுகையில துக்கம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்குள்ள வேற ஒண்ணும் இருந்துச்சு, எனக்கு நல்லாவே கேட்டுச்சு. தலைமேல இருந்து ஒரு மூட்டையை எறக்கின மாதிரி அழுதா.

மொகத்தைக் கழுவிக்கினு, "ஸ்டேசனுக்குப் போவம்"னு அவளே சொன்னா. டீக்கடைக்காரர் வரலைன்னுட்டாரு. அவருக்கும் புள்ளைக்குட்டி இருக்கு, வற்புறுத்தல. நாங்க ரெண்டு பேரும் போனோம்.

அன்னிக்கு இன்ஸ்பெக்டரே இருந்தாரு. நான் சொல்ல ஆரம்பிச்சதும் கையை ஆட்டினாரு. "மறுபடி நீயா? சாமியாராப் போனவனுக்கெல்லாம் கேஸ் எழுதினா எனக்கு வேற வேலை இருக்காது. ஊரே பாத்திருக்கு அவனைக் காவியில." அவளைப் பாத்து கொஞ்சம் இரக்கமாவே பேசினாரு. "இதோ பாரும்மா, அவரா விரும்பிப் போயிட்டாரு. நீ மனசைத் தேத்திக்கினு முகாமுக்குப் போ. கெளம்பு."

அவ தரையில உக்காந்துட்டா. ஸ்டேஷன் நடுவுல, போறவங்க வர்றவங்க கால்ல படற மாதிரி. "என்ர மனுசன் வரமாட்டன் எண்டு சொன்னவர். அதை எழுதுங்கோ. எழுதாம நான் போகமாட்டன்"ன்னா. குரல் ஏறல. எங்க வீட்டுக்காரர் சொல்ற மாதிரி, பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கற குரல்தான். ஆனா ஸ்டேஷன்ல எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. நானும் புடவையை சொருகிக்கினு அவ பக்கத்துல உக்காந்தேன். லேடி போலீஸ் அப்ப எங்க ஊர்ல ஏது? ஆம்பளைங்க எங்களைத் தொட்டுத் தூக்க யோசிச்சாங்க. வெயில் எறங்கற வரைக்கும் அப்படியே இருந்தோம். எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. ரெண்டாவது தடவை போகல, அவரும் ஓரமா உக்காந்துட்டாரு. அந்த மனுஷனை நான் கட்டிக்கினதுல எனக்கு ரொம்ப பெருமையா இருந்த நாளுன்னா அதுதான்.

சாயங்காலம் வாசல்ல டீக்கடைக்காரர் நிக்கறாரு. எப்ப வந்தாருன்னு தெரியல, சட்டை வேர்வையில நனைஞ்சிருந்துச்சு. உள்ள வந்து இன்ஸ்பெக்டர் மேஜை முன்னாடி கையைக் கட்டிக்கினு நின்னாரு. "சார், அவரு விரும்பிப் போகல. நாலு பேரு புடிச்சு வேன்ல போட்டாங்க. நான்தான் கதவைப் புடிச்சேன். என் பேரைப் போட்டுக்கோங்க"ன்னாரு. ஏட்டையா இன்ஸ்பெக்டரைப் பாத்தாரு. இன்ஸ்பெக்டர் பேனாவை அவர் பக்கம் தள்ளினாரு. அப்புறம் எழுதச் சொன்னாரு. தூக்கிக்கினு போனாங்கன்னு எழுதினாங்க. வரமாட்டேன்னு கத்தினதையும் எழுதணும்னு அவ சொன்னா. அதையும் எழுதினாங்க.

எழுதினதோட சரி. ஆளு கெடைக்கல. வேன் கெடைக்கல. வேலூருக்கு எத்தனையோ தடவை அலைஞ்சேன், ஒவ்வொரு ஆபீஸ்லயும் உக்கார சொன்னாங்க, அவ்ளோதான். அவ நாலஞ்சு வருஷம் அந்த முகாம்லயே இருந்துட்டு, அப்புறம் எங்கயோ தூர தேசத்துக்குப் போயிட்டா. போறதுக்கு முன்னாடி வந்து ஒரு நாள் அந்த ரூம்ல தங்கினா. புட்டு அவிச்சா. தேங்காயை எங்க வீட்டுக்காரர் திருவிக் குடுத்தாரு. பொட்டை அழிக்கணும்னு சில பேரு, அழிக்கக் கூடாதுன்னு சில பேரு அவகிட்ட சொல்லியிருக்காங்க. "நான் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை அக்கா"ன்னு சிரிச்சா. பொட்டு வச்சிருந்தா.

ஆனா ஊரு விடுமா? இப்ப கிரிவலப் பாதையில லைட்டு எரியுது, பௌர்ணமிக்கு நிக்க எடம் இல்லை. அந்த டீக்கடைகிட்ட யாரோ ஒரு கல்லை நட்டு, மஞ்சள் தடவி, வெளக்கு வச்சுட்டாங்க. சிலோன் சாமி மறைஞ்ச எடமாம். டீக்கடைக்காரர் இருந்த வரைக்கும் காலையில எழுந்ததும் அந்தக் கல்லைப் புடுங்கிப் போட்டுட்டுத்தான் அடுப்பைப் பத்த வைப்பாரு. மறுபடி நடுவாங்க, மறுபடி புடுங்குவாரு. அவரு காலத்துக்கப்புறம் அந்த வேலையை நான் பாக்கறேன். கால்ல முட்டி தேஞ்சுபோச்சு, ஆட்டோ புடிச்சாவது போயிட்டு வந்துடுவேன்.

போன பௌர்ணமிக்கு புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு அங்க கற்பூரம் கொளுத்திக்கினு இருந்துச்சு. நான் கல்லை ஆட்டறதைப் பாத்து அந்தப் பையன், "பாட்டி, சாமி கல்லு, தப்பு"ன்னு பதறினான். நல்ல புள்ளைதான். அவனைக் கிட்ட கூப்பிட்டேன். மெஷினை வித்து வருஷமாச்சு, தொண்டை மட்டும் அப்படியே இருக்கு. பாதையில போனவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் சொன்னேன்.

"அவரு சாமி இல்லைப்பா. எங்க வீட்டுல குடியிருந்தவரு. இந்த எடத்துல செருப்புக் காலோட நடந்து போனவரு. இங்கதான் அவரைப் புடிச்சு வேன்ல போட்டாங்க, நம்ம ஊரு கையெடுத்துக் கும்பிட்டுக்கினு நின்னுச்சு. அவரு வரமாட்டேன்னு சொன்னாரு. கும்பிடாத. அதைக் கேட்டுக்கினு போ, வீட்டுல போயி சொல்லு."